பொறுப்பு எங்கே உறைகிறது?

ஒரு பொருள் ஆற்றும் பணி அதன் இயல்பிலேயே உறைகிறதா, வெளியிலிருந்து வந்து சேர்கிறதா என்னும் வினாவை ஆராய இந்திய மெய்யியல் மரபினரான வைசேஷிகர் கூறும் இருவகை உறவுகள் துணைபுரியும்: நூலுக்கும் துணிக்கும் இடையிலுள்ள பிரிக்கவியலாத உறவு சமவாயம், சேர்ந்து பின் பிரியக்கூடியது சம்யோகம். இவ்வினாவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: விண்டோஸ் 2000 உடன் அறிமுகமான ஆக்டிவ் டைரக்டரி என்னும் நிறுவன வலையமைப்பு மென்பொருளில், பயனர் கணக்குகளைக் காக்கும் சர்வர்கள் ஏறத்தாழச் சமமானவை எனினும், ஒரு வேளையில் ஒரே சர்வர் மட்டும் ஏற்கத்தக்க 5 பொறுப்புகள் தனியே ஒப்படைக்கப்படுகின்றன. கணக்குகளுக்கான அடையாள எண்களைத் தொகுதி தொகுதியாகப் பிற சர்வர்களுக்குப் பங்கிடுவது அவற்றுள் ஒன்று.

இப்பொறுப்பை வேறொரு சர்வருக்கு மாற்றலாம் என்பதால் இது வெறும் சம்யோகமே எனத் தோன்றும்; ஆனால் அம்முடிவு அவசரமானது. பொறுப்பாளர் யார் என்பது, எல்லாச் சர்வர்களும் படியெடுத்து வைத்திருக்கும் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. பழுதான சர்வரிடமிருந்து அதன் இசைவின்றியே பொறுப்பு பறிக்கப்படும்போது, அணைந்து கிடக்கும் அதன் பழைய படியில் இன்னும் அதுவே பொறுப்பாளர். அது திரும்பி வந்தால் ஒரே எண் இரு கணக்குகளுக்கு வழங்கப்படலாம் என்பதாலேயே, அதை அந்நிலையில் மீண்டும் இணைக்கலாகாது என்று வலையமைப்பு நிர்வாகிகள் அறிவுறுத்தப்படுகின்றனர். சமவாயத்தையே மறுத்த சாந்தரட்சிதர் போன்ற பௌத்தர்க்கு, பொறுப்பு எந்த ஒரு சர்வரிலும் உறையாமல் பதிவேட்டின் வரியாக நிற்பதில் வியப்பேதும் இருந்திராது. வைசேஷிகர்தாம், அப்பதிவேட்டின் வரி எந்தப் பொருளைச் சார்ந்து நிற்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.