காலி வீடுகளின் நடுவே

காலை ஆறரை. மாம்பலம் ஆரிய கௌடா சாலையில் பால் வண்டி போன ஈரம்.

தலை தானாக மேலே பார்க்கிறது. முதல் மாடி. இரண்டாம் மாடி. எல்லாப் பால்கனியிலும் துணி காய்கிறது. ஒன்றில் மட்டும் கொடி வெறுமையாக இருக்கிறது.

காலி செய்திருக்கலாம். மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம். வாட்ச்மேனுக்குத் தெரியும். இஸ்திரி வண்டிக்காரருக்கு அதற்கு முன்பே தெரியும்.

கேட்காமல் நடக்கிறேன்.

*

ஒரு கேட்டில் வெள்ளைத் தாள். வாடகைக்கு. டபுள் பெட்ரூம். கீழே அடிக்கோடு போட்டு: புரோக்கர்கள் அழைக்க வேண்டாம்.

பசை இன்னும் காயவில்லை.

கண் அங்கே சற்று நிற்கிறது. கால் நகர்கிறது.

*

பூட்டிக் கிடந்த வீடு. கதவு திறந்ததும் முதலில் வருவது வாசனை. அடைந்த காற்று, பாச்சை உருண்டை, ஈரச் சுண்ணாம்பு.

ஜன்னல்களைத் திறக்கிறேன். ஒவ்வொன்றாக. கடைசி ஜன்னலின் கொண்டி துருப்பிடித்து இறுகியிருக்கிறது. உள்ளங்கையில் அதன் அச்சு.

சமையலறைக் குழாய். முதலில் காற்று. பிறகு ஓர் இருமல். பிறகு பழுப்புத் தண்ணீர்.

தெளியும்வரை நிற்கிறேன்.

*

சிவப்புத் தரை. செருப்பைக் கழற்றியதும் குளிர்ச்சி கணுக்கால்வரை ஏறுகிறது.

கூடத்தின் மேலே இரண்டு கொக்கிகள். ஊஞ்சலைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கொக்கியின் உள்வளைவு மட்டும் தேய்ந்து பளபளக்கிறது.

சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் பென்சில் எழுத்து. மோட்டார் 20 நிமிஷம். 20ஐ அடித்துவிட்டு 35. அதையும் அடித்திருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை.

2019 ஆக இருக்கலாம். அந்த ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு கிடந்தன. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாமல் குடங்கள் தெருவில் காத்திருந்தன.

பெயிண்டரிடம் சொன்னால் ஒரே பூச்சில் மறைந்துவிடும்.

இன்னும் சொல்லவில்லை.

*

பார்ட்டி வருகிறது. கணவன், மனைவி, கணவனின் அம்மா.

மனைவி நேரே சமையலறைக்குப் போகிறார். கணவன் செல்போனை உயர்த்தி டவர் கிடைக்கிறதா என்று பார்க்கிறார். அம்மா கூடத்தின் நடுவில் உட்கார்ந்துவிடுகிறார். வேறெதையும் பார்க்கவில்லை. உட்கார்ந்தபடி சுவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கிழக்கு எது?

போனில் திசைமானி. ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் முள் தடுமாறுகிறது. கூடத்தின் நடுவில் வேறு திசை காட்டுகிறது. மூவரும் முள்ளைப் பார்த்து நிற்கிறார்கள். வெளியே மாம்பலம் ஸ்டேஷனை விட்டு ஒரு மின்சார ரயில் கிளம்பும் ஓசை.

குழாயில் தண்ணீர் உண்டா. மழைக்கு உள்ளே வருமா. இரண்டும் ஒரே மூச்சில்.

2015 டிசம்பர் வெள்ளம் என்கிறார்கள். 2023 டிசம்பர் என்கிறார்கள். படிக்கட்டில் எந்தப் படிவரை என்று கேட்கிறார்கள். நான்காவது படியைக் காட்டுகிறேன். அந்த அம்மா இறங்கிப் போய் நான்காவது படியில் கை வைத்துப் பார்க்கிறார்.

*

லேக் வியூ சாலை.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1920களில் அதைத் தூர்த்து தியாகராய நகரை எழுப்பினார்கள்.

நல்ல மழை பிடித்தால் துரைசாமி சுரங்கப்பாதையை மூடிவிடுகிறார்கள். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்துகிறேன். தண்ணீர் சக்கரத்தைத் தொட்டு அங்கேயே நிற்கிறது.

அதற்கு அவசரம் இல்லை.

*

ஆடி. யாரும் பால் காய்ச்சுவதில்லை. போன் பையிலேயே கிடக்கிறது.

ஆனாலும் சாவிகளை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். காலி வீடுகளின் ஜன்னல்களைத் திறந்து வைக்கிறேன். ஒரு மணி நேரம் கழித்துச் சாத்துகிறேன். இதற்குக் கூலி இல்லை.

அந்த ஒரு மணி நேரம் படியில் உட்கார்ந்திருக்கிறேன். சுவர் முழுக்க எறும்பு வரிசை. எங்கிருந்து எங்கே என்று தொடரப் பார்க்கிறேன். சுவிட்ச் போர்டுக்குள் நுழைந்து காணாமல் போகிறது.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு மூன்று பேர் ஒரே நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

*

ஹவுஸ் ஓனர் போனில்.

எத்தனை பேர்? என்ன வேலை? சைவமா?

பிறகு குரல் சற்றுத் தாழ்கிறது. சொந்த ஊர் எது? அதற்கும் பதில் போதவில்லை. குலதெய்வம் எந்தப் பக்கம்?

இந்தக் கேள்விகள் என் வாய் வழியாகத்தான் போகின்றன. பதில்களும் என் வழியாகத்தான் திரும்புகின்றன. கேட்கும்போது நாக்கு வறள்கிறது. வயிற்றில் ஒரு கனம் இறங்குகிறது. அதையும் கவனிக்கிறேன். கவனித்ததால் அது குறையவில்லை.

வீடு வேண்டும் என்று வந்தவர் வாசலில் நிற்கிறார். நான் போனை மூடும் விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

பரவாயில்லை சார், என்கிறார். எனக்காகச் சொல்கிறார்.

*

ஒரு இளைஞர் போன் செய்கிறார். மனைவி நர்ஸ். குழந்தைக்கு ஒன்பது மாதம்.

முதலில் பெயரைச் சொல்கிறார். முஸ்லிம் பெயர். சொல்லிவிட்டு ஓர் இடைவெளி விடுகிறார்.

இந்த இடத்தில் பலர் போனை வைத்திருக்க வேண்டும். அவர்களுக்காக விட்டுப் பழகிய இடைவெளி.

அதன் நீளம் காதில் இருக்கிறது. தெருவில் பூக்காரம்மா கூவுகிறார். ஒரு ஆட்டோ திரும்புகிறது.

சொல்லுங்க தம்பி, என்கிறேன்.

*

முத்திரைத் தாள். பதினொரு மாதம். 1908இன் பதிவுச் சட்டத்தில் ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிந்தாக வேண்டும். அதனால் பதினொன்று. நூறு ஆண்டுக்கும் மேலாகியும் பன்னிரண்டாவது மாதத்துக்குத் தாளில் இடம் இல்லை.

2019 பிப்ரவரியில் புதிய வாடகைச் சட்டம் நடப்புக்கு வந்தது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்கிறது. பேச்சில் இன்னமும் பத்து மாதம் வருகிறது. பத்தில் தொடங்கி ஆறில் நிற்கிறது.

எனக்குக் கமிஷன் ஒரு மாத வாடகை. முன்பெல்லாம் நோட்டை எண்ணும் சத்தம் கேட்கும். இப்போது ஜிபேயில் ஒரு சிறு மணி.

*

சார்பதிவாளர் அலுவலகம். டோக்கன். மின்விசிறி. கைரேகைக்குக் காத்திருக்கும் விரல்கள்.

வீடு விற்றால் முத்திரைக் கட்டணம் 7 சதவீதம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வில்லங்கச் சான்றிதழில் முப்பது ஆண்டுகள் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. யார் விற்றார், யார் வாங்கினார், எத்தனை சதுர அடி.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் தாய்ப்பத்திரத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறார். விற்க வந்திருக்கிறார்.

*

பழைய அடுக்குமாடி. எட்டு வீடுகள். லிப்ட் இல்லை. இடித்துக் கட்டப் பேச்சு நடக்கிறது.

2019 கட்டட விதிகள் தளப்பரப்பை மனையின் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்காக உயர்த்தின. அதிலிருந்து இந்தத் தெருவில் சுத்தியல் சத்தம் ஓயவில்லை. 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் போதும். ஏழு பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

எட்டாவது வீட்டில் ஒரு மாமி. தனியாக இருக்கிறார். மகன் அமெரிக்காவிலிருந்து போனில் பேசுகிறார். கையெழுத்துப் போட்டுடும்மா.

பில்டர் கொடுத்த வரைபடம் மேஜைமேல் விரிந்திருக்கிறது. லிப்ட், கார் நிறுத்தும் இடம், ஜெனரேட்டர். நாலு மூலையிலும் டம்ளர் வைத்து அது சுருளாமல் பார்த்துக்கொள்கிறார்.

கட்டி முடிக்க ரெண்டு வருஷம்னு சொல்றா. அதுவரைக்கும் எங்கே இருப்பேன்? எண்பது வயசுக்குத் தனியா வந்து நின்னா யாரு வீடு குடுப்பா?

மனம் எனக்குத் தெரிந்த ஓனர்களின் பட்டியலை எடுக்கிறது. ஒவ்வொரு பெயராக நகர்கிறது. வயதானவர் என்றால் தயங்குபவர்கள். வீட்டில் ஏதாவது நடந்துவிட்டால் அடுத்தவர் குடிவர மாட்டார் என்பவர்கள். அப்படி வாய்விட்டே சொன்னவர்கள்.

பட்டியல் முடிகிறது.

மாமி காப்பி கலக்கிறார். ஆற்றும் சத்தம். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. நுரை அடங்கும்வரை இருவரும் பேசவில்லை.

நாற்பது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறவர். அவரை இரண்டு வருடம் உட்கார வைக்க இந்தப் பேட்டையில் ஒரு அறை இருக்க வேண்டும். இருந்தே ஆக வேண்டும். நெஞ்சு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சொல்லட்டும் என்று விடுகிறேன்.

*

மாலை. சாவிகளைத் தட்டில் கொட்டுகிறேன். துணி நாடா கட்டியது, அட்டை கட்டியது, எதுவும் கட்டாதது.

கட்டாத ஒன்று எந்த வீட்டுக்கு என்று ஞாபகம் வரவில்லை. விரலில் பித்தளை வாசம். உப்பு.

தெருவிளக்கு எரிகிறது. காலையில் பார்த்த பால்கனியில் இப்போது ஒரு துண்டு காய்கிறது. ஊரிலிருந்து வந்துவிட்டார்கள்.

*

நர்ஸ் குடும்பத்துக்கு இன்று நான்காவது வீடு பேசியிருக்கிறேன். ஓனரிடம் பெயரை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அவர் இல்லை என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரியைக் கேட்டுவிட்டு நாளை சொல்கிறேன் என்கிறார்.

மூன்றாம் மாடி. தெற்குப் பார்த்த வாசல். சிங்கிள் பெட்ரூம். வாடகை 16,000. குழாயில் தண்ணீர் உண்டு. 2015இல் வெள்ளம் கீழ்ப்படியோடு நின்றது.