வாயில்லா ஜீவனை வழியனுப்புதல்



புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கத்தில் ஒரு வீடு. அங்கே 13 வருடம் காவல் இருந்த நாய் எழ முடியாமல் திண்ணையோரம் கிடந்தது. கண் மங்கிவிட்டது, சோறு இறங்கவில்லை. "சாக்கில் கட்டி முந்திரிக்காட்டில் விட்டுவிட்டு வாங்க, வீட்டில் சாவு எதுக்கு" என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஊரில் நடக்கிறதுதான். யாரும் இதைக் குற்றமாக நினைப்பதில்லை.

நம் முன்னோர் அப்படி இருந்ததில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல், மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளரைக் கடித்து அது காத்து நின்றதை எழுதி, கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்தார்கள். சுமார் 1,400 வருடம் கழித்தும் அந்தப் பெயர் அழியவில்லை.

எளியவரைத் தாங்கச் சொன்னவர் அய்யா. உயிர்ப்பலி கூடாது என்றும் சொன்னார். கத்தி எடுக்காமல் காட்டில் பட்டினி போட்டால் மட்டும் அது பலி இல்லையா? வலியில் துடித்தால் கால்நடை மருத்துவரை அழைக்கலாம், அது வேறு.

அந்த வீட்டு அம்மா, கட்டக் கொண்டுவந்த சாக்கை நாய்க்கு அடியில் விரித்தார். நாக்கில் பதம் நனைத்தார். மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் மூச்சு அடங்கியது. வேப்பமரத்தடியில் ஆழமாகக் குழி வெட்டினார்கள். சின்ன மகன் அதன் நெற்றியில் திருமண் இட்டான். பெரியவர்கள் ஒருவரும் தடுக்கவில்லை.