யாருக்காகக் கண்டிக்கிறோம்?

பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்க வேண்டும் என்பதில் நம் குடும்பங்களில் இரு கருத்து இல்லை. ‘அடியாத மாடு படியாது’ என்று பாட்டனார் சொன்னதைப் பேரனும் தன் மகனிடம் சொல்கிறார். ஆனால் எதற்காகக் கண்டிக்கிறோம், யாருடைய நன்மைக்காகக் கண்டிக்கிறோம் என்னும் வினாவை நாம் அதிகம் எழுப்புவதில்லை. மூன்று வயதுக் குழந்தையின் கையிலும் கைப்பேசி இருக்கும் இந்நாளில் அவ்வினாவைத் தள்ளிப்போட முடியாது.

வீடு மந்திரிக்கவும் நோயுற்றோரைச் சந்திக்கவும் செல்லும்போது பல இல்லங்களில் நாம் காணும் காட்சி ஒன்றுதான். குழந்தை உண்ண மறுக்கிறது. படம் ஓடும் கைப்பேசியை அதன் கண்முன் நிறுத்தியதும் வாய் திறக்கிறது. அடுக்களை வேலை முடியும்வரை அதுவே தாதி. பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை அதுவே தோழன். உறங்கும் வேளையில் அதைப் பிடுங்கியதும் குழந்தை தரையில் புரண்டு அழுகிறது. முதுகில் ஓர் அடி விழுகிறது. பகலெல்லாம் கொடுத்த கையே இரவில் அடிக்கிறது. முன்னதைச் செல்லம் என்றும் பின்னதைக் கண்டிப்பு என்றும் அழைக்கிறோம். உண்மையில் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. இரண்டிலும் நாம் தேடியது குழந்தையின் நலனை அன்று, நமது அமைதியை.

இதைச் சொல்லும்போது பெற்றோரின் பாரத்தை மறந்து பேசலாகாது. 2020-ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமே கைப்பேசி வழியாகத்தான் வந்தது. பாட்டி இல்லாத வீடு, முற்றம் இல்லாத குடியிருப்பு, நாளெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்துவிட்டுத் திரும்பும் தாய் — இவர்கள்மீது கல்லெறிய யாருக்கும் உரிமையில்லை. ஆயினும் நம் களைப்புக்கு நியாயமான காரணம் உண்டு என்பதால், குழந்தைக்கு நேரும் இழப்பு இல்லாமற்போய்விடாது.

அந்த இழப்பு யாது? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென நெறிமுறைகளை வெளியிட்டது. இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது, குறைந்தால் மேலும் நன்று என்றும் அது கூறுகிறது. குழந்தை அமர்ந்திருக்கும் நேரத்தில் கதை சொல்லவும் படித்துக்காட்டவும் பரிந்துரைக்கிறது. குழந்தை மொழியைக் கற்பது தனக்கு மறுமொழி கூறும் முகத்திடமிருந்து அல்லவா? திரை பேசும், ஆனால் கேட்காது. மேலும், விரல் பட்டதும் வேண்டியது தோன்றும் பழக்கத்தில் வளரும் பிள்ளை காத்திருக்கக் கற்பது எப்போது? திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ என்னும் ஊக்கவுரையில், ஆசையைத் தள்ளிப்போடக் கற்பிப்பதைக் குடும்பத்தின் முக்கியக் கடமைகளுள் ஒன்றாக வைத்தார். கருவிகளை முற்றிலும் விலக்குமாறு அவர் கேட்கவில்லை. காத்திருக்க அறியாதவர் செபிக்கவும் அறியார், பொறுத்துக்கொள்ளவும் அறியார்.

அப்படியானால் பிரம்பை எடுப்பதா? பலர் நீதிமொழிகள் நூலைத் (13:24) துணைக்கு அழைப்பர். அந்நூல் பிரம்படியைப் பற்றி மறைவின்றிப் பேசுவது உண்மையே. எனினும் அங்கே கோலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லே, ஆயனின் கோல் தரும் ஆறுதலைப் பாடும் 23-ஆம் திருப்பாடலிலும் வருகிறது. ஆயன் கோல் ஏந்துவது ஆட்டை நொறுக்க அன்று; அதை வழிநடத்தவும் ஓநாயை விரட்டவும். திருத்தூதர் பவுலும் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதலைக் கற்பித்த உடனேயே, தந்தையர் தம் பிள்ளைகளுக்குச் சினமூட்டலாகாது என்று எல்லை வகுக்கிறார் (எபே 6:4). பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்தது. வீட்டுக்குள் நமக்குக் காவலாக நிற்பது பெரும்பாலும் நம் மனச்சான்றே.

11-ஆம் நூற்றாண்டில் ஒரு மடத்துத் தலைவர், தம் பொறுப்பிலுள்ள சிறுவரை இரவும் பகலும் அடித்தும் அவர்கள் திருந்தவில்லை என்று புனித ஆன்செல்மிடம் முறையிட்டதை, அப்புனிதரின் வரலாற்றை எழுதிய ஈட்மர் பதிவு செய்துள்ளார். ஒரு கன்றை நட்டு, கிளை பரப்ப இடமின்றி நாற்புறமும் அடைத்துவைத்தால் பின்னாளில் என்ன மரம் கிடைக்கும் என்று ஆன்செல்ம் கேட்டார். பொற்கொல்லன் அடித்து மட்டுமா தகட்டில் உருவம் சமைக்கிறான், மென்மையாக அழுத்தியும் அல்லவா என்றும் கேட்டார். கன்றுக்கு வேலி வேண்டும். இல்லையேல் ஆடு மேய்ந்துவிடும். ஆனால் வளரவிடாத வேலி வேலியன்று, சிறை.

புனித அகுஸ்தீனாரின் வாக்கு இன்னும் நெருங்கி நம்மைத் தொடுகிறது. தம் வாழ்வை இறைவனிடம் அறிக்கையிடும் நூலின் முதற்பகுதியில், பெரியவர்களின் விளையாட்டுக்கு அலுவல் என்று பெயர், அதையே சிறுவர் செய்தால் தண்டனை என்று அவர் வருந்துகிறார். இன்றும் தந்தையின் கையில் கைப்பேசி இருந்தால் அது வேலை. மகனின் கையில் இருந்தால் அது கெட்ட பழக்கம்! குழந்தை நம் சொல்லைக் கேட்குமுன் நம் கையைப் பார்த்துவிடுகிறது.

ஆகவே நம் கண்டிப்பை மூன்று வினாக்களால் சோதித்துப் பார்க்கலாம். அது முன்னரே அமைதியாகச் சொல்லப்பட்ட விதியா, அல்லது நம் சினம் அந்நேரம் பிறப்பித்த கட்டளையா? அது நம்மையும் கட்டுகிறதா? பறித்த பொருளின் இடத்தில் எதையேனும் வைக்கிறதா? உணவு வேளையிலும் குடும்பச் செபமாலை வேளையிலும் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஒரே அலமாரிக்குச் செல்லட்டும். மீளும் அந்த அரை மணி நேரத்தைக் கதைக்கும் விளையாட்டுக்கும் கொடுப்போம். முதல் சில நாள்கள் குழந்தை அழும். அந்த அழுகையை அடியாலும் அடக்காமல், மீண்டும் கைப்பேசியைக் கொடுத்தும் அடக்காமல், அருகிலிருந்து தாங்குவது எளிதன்று. கண்டிப்பில் உள்ள சிலுவை பெற்றோரின் தோளுக்கு உரியது. குழந்தையின் முதுகுக்கு அன்று.

பன்னிரண்டு வயது இயேசுவை மூன்று நாள் தேடிக் கோவிலில் கண்டபோது அன்னை மரியா முதலில் செய்தது என்ன? ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். தாங்கள் பட்ட வேதனையைச் சொன்னார். மகனின் மறுமொழி புரியாதபோதும் அதை உள்ளத்தில் வைத்துக் காத்தார். அவரும் அவர்களோடு நாசரேத்துக்குச் சென்று பணிந்து நடந்தார் என லூக்கா எழுதுகிறார். திருமுழுக்குச் சடங்கின் தொடக்கத்திலேயே, குழந்தையை நம்பிக்கையில் வளர்க்கும் பொறுப்பை ஏற்கிறீர்களா எனத் திருச்சபை பெற்றோரைக் கேட்கிறது. அன்று சொன்ன ‘ஆம்’ அந்த ஒரு நாளோடு முடிவதில்லை. கை ஓங்கும்போதும், கைப்பேசியை நீட்டும்போதும் ஒரு நொடி நின்று, இது யாருக்காக என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். விடை ‘பிள்ளைக்காக’ என்று வருமானால் துணிந்து கண்டிப்போம். ‘எனக்காக’ என்று வருமானால் கையை இறக்கிக் குழந்தையின் அருகில் அமர்வோம்.