வாலில் ஆரம்பம்

அமெரிக்காவில் வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வாலில்தான் தொடங்குகிறார்கள். வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி விமானங்களை வால், இறக்கை, உடல் எனப் பாகம் பாகமாகப் பெட்டியில் வாங்கலாம். வாலுக்குச் செலவு குறைவு, கையும் பழகும். ஆசை அதோடு தீர்ந்துபோனால் நஷ்டமும் கொஞ்சம்தான்.

கார் நிற்க வேண்டிய ஷெட்டில் அலுமினியத் தகடுகள். ஒருவர் ரிவெட் துப்பாக்கியால் அடிக்கும்போது, தகட்டின் மறுபுறம் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில் அது மனைவியின் கை. (சண்டைக்கு நல்ல வாய்ப்பு.) ரிவெட் கோணிக்கொண்டால் அதன் தலையை ட்ரில் செய்து, தட்டி எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். இப்படி ஆயிரக்கணக்கில்.

வேலையில் பெரும்பகுதி அமெச்சூர் கையால் நடந்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 51 சதவீத விதி என்பார்கள். எல்லாம் முடிந்தபின் பயணியின் கண்ணில் படும்படி ஓர் எச்சரிக்கை ஒட்டியாக வேண்டும்: இது அமெச்சூர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல. வருஷக்கணக்காகக் கட்டியவரே அதை ஒட்டுகிறார். அதற்கு எதிரே உட்காரப்போவது, அநேகமாக, அந்த இரும்புக் கட்டியைப் பிடித்தவர்தான்.