விடுதலையும் விதிவிலக்கும்

தனிமனிதனுடைய வாழ்வில் அரசு எந்த எல்லைவரை தலையிடலாம் என்னும் வினாவுக்கு விடை கூற முற்பட்டோருள் ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் முதன்மையாகக் குறிப்பிடத்தக்கவர். 1859ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘சுதந்திரம் பற்றி’ என்னும் சிறு நூல் இவ்வினாவுக்கு ஒற்றை விதியை வகுத்தது. பிறருக்குத் தீங்கு நேராமல் தடுப்பதற்காக மட்டுமே ஒருவனை அடக்கலாம். அவனுடைய சொந்த நன்மையைக் காரணமாகக் காட்டி அவனைக் கட்டாயப்படுத்துதல் முறையன்று என்பதே அவ்விதி.

விதி எளிது; அதனைப் பின்பற்றுவது எளிதன்று. மில் கூறும் பாலத்தின் உவமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இடிந்து விழும் நிலையிலுள்ள பாலத்தில் அறியாமல் காலடி வைக்கப்போகும் ஒருவனை, எச்சரிக்க நேரமில்லையெனில், பிடித்து நிறுத்தலாம். ஆற்றில் விழ வேண்டுமென்பது அவனுடைய விருப்பமன்று. ஆனால் பாலம் இடிந்தாலும் இடியலாம் என்ற ஐயம் மட்டுமே இருக்குமாயின், எச்சரிப்பதோடு நின்றுவிட வேண்டும்; கடப்பதா வேண்டாவா என்று முடிவு செய்பவன் அவனே. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்ற சட்டத்தைக் குறித்து எழும் வாதமெல்லாம் இந்தப் பாலத்தின்மீது நின்று செய்யப்படுவதே.

பேச்சுரிமையைப் பற்றி அவர் கூறியது இன்னும் நுட்பமானது. தானிய வணிகர்கள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று ஒருவர் பத்திரிகையில் எழுதினால் அதனைத் தடுத்தல் கூடாது. அதே கருத்தைத் தானிய வணிகர் ஒருவரின் வீட்டு வாயிலில் சினங்கொண்டு திரண்டு நிற்கும் கூட்டத்தின் முன் முழங்கினால் தண்டிக்கலாம். கருத்து ஒன்றே, இடமும் வேளையுமே அதனைக் குற்றமாக்குகின்றன. இந்த வேறுபாட்டை உணராத அரசுகள், தனியே அமர்ந்து பத்திரிகை படிக்கும் மனிதனையும் கல்லேந்திய கூட்டமாகக் கருதி அஞ்சுகின்றன. தவறான கருத்தையும் பேசவிட வேண்டும் என்பதற்கு மில் காட்டும் காரணம் ஆசிரியர்களுக்கு நன்கு விளங்கும். எதிர்க்கேள்வியே கேட்கப்படாத உண்மை, மாணவன் பொருளுணராது ஒப்பிக்கும் வாய்பாட்டைப் போன்றது. தேர்வு முடிந்ததும் மறந்துபோகும்.

இவ்வழியில் மேலும் தொலைவு சென்றோரும் உளர். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ராபர்ட் நோசிக் 1974இல் வெளியிட்ட நூலில், வன்முறை, திருட்டு, மோசடி ஆகியவற்றிலிருந்து மக்களைக் காப்பதும் ஒப்பந்தங்களை நிறைவேற்றுவிப்பதும் தவிர அரசுக்கு வேறு வேலையில்லை என்று வாதிட்டார். இது இரவுக் காவலாளியின் வேலை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எவ்வாறு கிடைக்கும் என்று கேட்டால், அந்தக் காவலாளியிடம் தக்க விடையில்லை. மில்லிடம் இருந்தது. குழந்தைக்குக் கல்வியளிக்குமாறு பெற்றோரை அரசு கட்டாயப்படுத்த வேண்டும், வறியவர்களின் கட்டணத்துக்கு உதவவும் வேண்டும் என்றார் அவர். அதேவேளையில், கல்வி முழுவதையும் அரசே தன் கையில் வைத்துக்கொண்டால் குடிமக்கள் அனைவரும் ஒரே அச்சில் வார்க்கப்படுவர் என்றும் எச்சரித்தார்.

இத்துணைத் தெளிவு வாய்ந்த நூலின் தொடக்கப் பகுதியிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. குழந்தைகளுக்கு இவ்விதி பொருந்தாது. இதனை எவரும் மறுக்கார். ஆனால் அவ்விலக்கு உடனே விரிகிறது. நாகரிகத்தில் பின்தங்கிய சமுதாயங்களும் குழந்தைப் பருவத்தில் உள்ளவையாம். அவற்றின் முன்னேற்றமே நோக்கமாக இருக்குமாயின் அவற்றைச் சர்வாதிகார முறையில் ஆளலாமாம். இதனை எழுதியவர் 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் பணியாற்றியவர். இந்தியாவைக் கண்ணால் காணாமலேயே அந்நாட்டு நிருவாகத்துக்கான கடிதங்களை எழுதியவர். பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும்கூட அக்காலத்தில் அந்தக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தவையே.

பள்ளி மாணவனின் நிலை வேறு. அவன்மீது ஆசிரியருக்குள்ள அதிகாரத்துக்கு முடிவு உண்டு. இன்ன வயதில் அவன் பள்ளியை விட்டு வெளியேறுவான் என்பது சேரும் நாளிலேயே தெரியும். ஒரு மக்களினத்தை மாணவனாக்கிய ஆட்சிக்கோ அத்தகைய நாள் எதுவும் குறிக்கப்படவில்லை. அங்கே ஆசிரியரும் தேர்வாளரும் ஒருவரே. மாணவன் தேறிவிட்டால் அவருடைய பதவி போய்விடும். அந்தத் தேர்வில் எவன் தேற முடியும்?

மில் 1873இல் மறைந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1878இல், வைசிராய் லிட்டன் பிரபுவின் ஆட்சி இந்தியாவில் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆட்சியின்மீது வெறுப்பை ஊட்டும் எழுத்தை வெளியிடுவதில்லை என்று அச்சிடுவோரிடமும் வெளியிடுவோரிடமும் உறுதிப் பத்திரம் கேட்க மாவட்ட அதிகாரிக்கு அதிகாரம் கிடைத்தது. மீறினால் அச்சகத்தையே பறிமுதல் செய்யலாம். நீதிமன்றத்தில் முறையிட வழியில்லை. இத்தனையும் இந்திய மொழி ஏடுகளுக்கு மட்டுமே. ஆங்கில ஏடுகளை அச்சட்டம் தொடவில்லை. தானிய வணிகரின் உவமையில் குற்றத்தை முடிவு செய்தவை இடமும் வேளையும். இங்கே முடிவு செய்தது மொழி.

வங்காளத்திலும் ஆங்கிலத்திலுமாகக் கல்கத்தாவிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த ‘அமிர்த பஜார் பத்திரிகா’ உடனே முழு ஆங்கில ஏடாக மாறிக்கொண்டது. ஆட்சியைக் குறைகூறும் அதன் எழுத்து நிற்கவில்லை. வங்காளம் மட்டுமே அறிந்த அதன் வாசகர்கள்தாம் தங்கள் ஏட்டை இழந்தனர்.