கட்டைவிரலா காணிக்கை?

வெற்றி பெற்ற இளைஞன் மேடை ஏறுகிறான். கழுத்திலே பதக்கம், கண்ணிலே களிப்பு, காதைப் பிளக்கும் கையொலி! தலைவர் பொன்னாடை போர்த்துகிறார். தாளாளர் தழுவிக் கொள்கிறார். படம் எடுப்போர் பாய்ந்தோடி வருகின்றனர். பந்தற்காலின் ஓரத்திலே, அந்த இளைஞனின் காலணியைக் கையிலே பிடித்தபடி ஒருவர் நிற்கிறார். அவர் யார் என்று கேட்பார் இல்லை. ஆறு ஆண்டுகளாக அந்தக் கால்களுக்கு ஓட்டம் கற்பித்தவர் அவர்தான்!

நான் பயின்ற பள்ளியிலும் அத்தகைய ஒருவர் இருந்தார். உடற்கல்வி ஆசிரியர் என்பது ஏட்டிலே. எங்கள் நாவிலே ‘டிரில் மாஸ்டர்’. விடியுமுன் வந்து, சுண்ணாம்பு வாளியும் கயிறுமாகத் திடலிலே கோடு போடுவார். கணக்காசிரியருக்குப் பாடம் முடியவில்லையா, விளையாட்டு வேளையை எடுத்துக்கொள்வார் — கேளாமலேயே! ஆண்டுவிழா வந்தது. நன்றியுரை நீண்டது. நாற்காலி தந்தவருக்கு நன்றி, ஒலிபெருக்கி தந்தவருக்கு நன்றி. மாவட்டக் கோப்பையைக் கொணர்ந்த கபடிக் குழுவை உருவாக்கியவருக்கு மட்டும் ஒரு சொல் இல்லை. மறதிதான், வேறென்ன! ஆனால் எவரை மறக்கிறோம் என்பதிலே நம் மதிப்பீடு வெளிப்பட்டுவிடுகிறது அன்றோ?

செய்ந்நன்றியறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார் வள்ளுவர். நன்றி வேண்டும் என்பதிலே வழக்கில்லை. எது நன்றி என்பதிலேதான் வழக்கு.

நாடறிந்த கதை ஒன்றுண்டு. வேடர் குலத்து இளைஞன் ஏகலைவன், வில்வித்தை கற்க விரும்பித் துரோணரை நாடினான். குலத்தைக் கண்டார், கற்பிக்க மறுத்தார். காட்டிலே மண்ணால் அவர் உருவம் சமைத்து, அதன்முன் தானே பழகித் தேர்ந்தான் அவன். அருச்சுனனையும் விஞ்சிடும் வல்லமை கண்டதும் வந்தார் ஆசான், காணிக்கை கேட்டார் — வலக்கைக் கட்டைவிரல்! கற்பிக்காத கல்விக்குக் கட்டணம். அதுவும் கற்றதையே அழித்துவிடும் கட்டணம்! தயங்காமல் அறுத்துக் கொடுத்தான் அவன். குருபக்தியின் கொடுமுடி என்று அதனைக் கொண்டாடினர் கதை சொன்னோர். நமக்கோ, அந்தக் குருதி இன்னும் காயவில்லை என்றே தோன்றுகிறது.

கதைதானே, போகட்டும் என்பீர்கள். போகவில்லையே! இந்திய அரசு 1961ஆம் ஆண்டு சிறந்த வீரர்க்கான விருதை நிறுவியது. அருச்சுனன் பெயரைச் சூட்டிற்று. 1985ஆம் ஆண்டு பயிற்சியாளர்க்கென விருது கண்டது. துரோணாச்சாரியார் பெயரைச் சூட்டிற்று. வில்லாசிரியர் வல்லவரே, மறுப்பதற்கில்லை. ஆயினும், குலம் பார்த்துக் கதவடைத்தவர் பெயரையா, குடிசைப் பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்து வருவோர்க்கு அணிவிப்பது? நிலைத்துவிட்ட பெயரை மாற்றுவது எளிதா என்பாரும் உளர். நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதான கேல் ரத்னாவின் பெயர் 2021ஆம் ஆண்டு தியான் சந்த் பெயராக மாறியதே, வானமா இடிந்து விழுந்தது?

அந்த விருதைப் பெற்ற சான்றோரைப் பாருங்கள். பெயருக்கும் ஆளுக்கும் உள்ள தொலைவு விளங்கும். மும்பை சிவாஜி பூங்காவிலே சிறுவர்க்குக் கிரிக்கெட் கற்பித்தவர் ரமாகாந்த் அச்ரேக்கர். சச்சின் டெண்டுல்கர் மட்டை பிடிக்கையில், ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் வைப்பார். ஆட்டமிழக்கச் செய்பவனுக்கு அந்த நாணயம். எவராலும் இயலாவிடின் அது சச்சினுக்கு. அப்படி ஈட்டிய நாணயங்களைப் பெருஞ்செல்வமாகக் காத்து வருவதாகப் பின்னாளில் கூறினார் அவர். 2019ஆம் ஆண்டு ஆசான் மறைந்தபோது பாடையைத் தோளிலே சுமந்தார். அங்கே விரல் வாங்கினார் ஆசான். இங்கே நாணயம் தந்தார்! யார் கேட்டு அந்தத் தோள் வந்தது?

ஓ.எம். நம்பியாரை எண்ணுங்கள். 1976ஆம் ஆண்டு கேரள அரசு கண்ணூரிலே பெண்களுக்கென விளையாட்டுப் பிரிவு தொடங்கியபோது, அங்கு வந்த சிறுமி பி.டி. உஷாவைப் பயிற்றுவித்து வளர்த்தவர். 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலே, 400 மீட்டர் தடை ஓட்டத்தில், நொடியில் நூற்றிலொரு பங்கால் நழுவியது வெண்கலம். வென்றிருப்பினும் அவர் கழுத்துக்குப் பதக்கம் வந்திராது; ஒலிம்பிக் மேடையிலே பயிற்சியாளர்க்கு இடமில்லை. மறு ஆண்டு நிறுவப்பட்ட விருதை முதலில் பெற்றோருள் அவரும் ஒருவர். பத்மஸ்ரீ வந்ததோ 2021இல். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே மறைந்தார். வாழ்த்து வந்து சேர இத்தனை ஆண்டுகளா!

இவர்களேனும் பெயர் பெற்றோர். பெயரறியாத ஆயிரமாயிரவர் நிலை என்ன? 2012ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலே உடற்கல்வி, ஓவியம் முதலியவற்றுக்கு 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். அன்று திங்கள் ஊதியம் 5,000 ரூபாய்! அவர்க்குச் சால்வை போர்த்திப் பயன் என்ன? சால்வையை அடுப்பிலா ஏற்றுவது? நன்றி என்பது முதலில் நியாயமான கூலி, பிறகுதான் பூமாலை. பறித்துக்கொண்ட விளையாட்டு வேளையைத் திருப்பித் தருவதும் நன்றிதான். தோற்ற நாளிலே கோட்டோரம் நின்று அவரை ஏசாதிருக்கும் பெற்றோரும் நன்றி செய்தவரே.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும், சொல்லக் கசக்கும். ஆசானைத் தெய்வமாக்கிவிட்டால், தெய்வத்தின் மேல் குற்றம் சொல்லப் பிள்ளை அஞ்சும். அந்த அச்சத்திலே ஒளிந்துகொள்ளும் கயவரும் உண்டு. குழந்தைகளைப் பாலியல் கொடுமையினின்று காத்திட 2012ஆம் ஆண்டு தனிச் சட்டமே வேண்டியிருந்தது. ஆசிரியர் போன்று பொறுப்பில் இருப்போர் தவறினால் தண்டனை மிகுதி என்று அச்சட்டம் கூறுவதும் காரணத்தோடுதான். ஆகவே மதிப்போம், வணங்கிக் கிடக்க வேண்டா. கேள்வி கேட்க உரிமையுள்ள பிள்ளை கூறும் நன்றிக்கே எடை உண்டு. நல்ல பயிற்சியாளர் எவரும் இதற்குச் சினந்திடார்.

பல ஆண்டுகள் கழித்து எங்கள் டிரில் மாஸ்டரைக் காணச் சென்றிருந்தேன். ஓய்வு பெற்றும் அதே திடலிலேதான் இருந்தார். ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேர், அதே வாளி. உடன் வந்த நண்பன் குனிந்து காலைத் தொடப் போனான். தோளைப் பற்றி நிமிர்த்தினார். “நிமிர்ந்து நில்லடா! அதற்குத்தானே அத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தினேன்?” என்றார். அன்றைய ஆண்டுவிழாவை நினைவூட்டி, வருத்தமில்லையா ஐயா என்று கேட்டேன். கயிற்றின் ஒரு முனையை என் கையிலே கொடுத்து, “அந்த மூலையில் போய் நில். கோடு கோணலாகப் போகிறது” என்றார்.