மாடியில் என்ன வேலை?

பிள்ளைப்பாக்கத்தில் நான் குடியிருந்த வீட்டில் மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு உண்டு. சாவி கீழ்வீட்டு அக்காவிடம் இருக்கும். அவர்தான் ஹவுஸ் ஓனர். மாடியில் மூன்று அறைகளில் பதினோரு பெண்கள் இருந்தோம். திருவண்ணாமலை, விழுப்புரம், திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். எல்லோருக்கும் சிப்காட் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை. சாவி கேட்டால் அக்கா கேட்பார்: "மேல உங்களுக்கு என்னம்மா வேலை?"

துணி காயப்போட என்றால் உடனே கொடுத்துவிடுவார். "சும்மாதான்க்கா, காத்து வாங்க" என்றால் சாவி வராது. அவர் பொல்லாதவர் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். ஆனாலும் 'சும்மா' என்ற சொல் அவரைக் கலவரப்படுத்தியது. நாங்கள் சீக்கிரமே பழகிக்கொண்டோம். காய்ந்த துப்பட்டா ஒன்றை நனைத்துப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு போய் நிற்போம். மேலே போனால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வரிசையாகக் கம்பெனி விளக்குகள். அரைமணி நேரம் யாரும் எதுவும் பேச மாட்டோம். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்த கால்களை நீட்டி உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான்.

சிவில் டிப்ளமோ படித்திருந்ததால் சில வருடங்களில் வரைபட வேலைக்கு மாறிவிட்டேன். இந்த வட்டாரத்தில் எழும் விடுதிகள் சிலவற்றின் வரைபடங்கள் என் கணினி வழியாகவும் போகின்றன. அவற்றில் மொட்டைமாடிக்கு இப்போது புதுப் பெயர்: 'பல்நோக்குப் பசுமைத் தளம்'. ஒரு மூலையில் யோகா, ஒரு மூலையில் காய்கறித் தோட்டம், தெற்கே சூரியத் தகடுகள், நடுவில் கூட்டம் நடத்த இடம். ஒரு சதுர அடிகூட வீணாகாத மாதிரி வரைந்திருப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவின் குரல்தான் கேட்கும். இத்தனை நோக்கங்களில், நோக்கமே இல்லாமல் உட்கார்ந்திருக்க இடம் எங்கே?

நம் வீடுகளில் மொட்டைமாடி பெண்களுக்கு எப்போதுமே வேலைக்கான இடம்தான். வடகம் பிழிய, மிளகாய் காயவைக்க, துணி எடுக்க. கோடை இரவில் பாயைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே படுத்தது பெரும்பாலும் அப்பாவும் அண்ணனும்தான். ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட 'ஒய் லாய்ட்டர்?' நூல் சொல்வதும் இதைத்தான். பொது இடத்தில் நிற்கும் பெண் தனக்கு அங்கே ஏதோ வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கேட்க வேண்டிய உரிமையோ வேலையில்லாமல் சுற்றித்திரிவதற்கான உரிமை. படித்தபோது எனக்கு அந்த நனைத்த துப்பட்டாதான் ஞாபகம் வந்தது.

இந்தப் பகுதியில் இது அழகுணர்ச்சி சார்ந்த விஷயம் மட்டுமல்ல. 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டு, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூட இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியாத பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். தரையில் நெருக்கியடித்துப் படுத்ததும், கழிப்பறையில் தண்ணீர் இல்லாததும் அதற்குப் பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தன. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகால் சிப்காட்டில் பெண் தொழிலாளர்களுக்கான பெரிய குடியிருப்பை முதலமைச்சர் திறந்துவைத்தார். பத்து மாடிகள் கொண்ட 13 கட்டடங்கள், அறைக்கு ஆறு பேர், மொத்தம் 18,720 பேர், செலவு 706.50 கோடி ரூபாய். நல்ல காரியம். தரையில் படுத்தவர்களுக்குக் கட்டில் கிடைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். அந்த வளாகம் 20 ஏக்கர். 18,720 பேருக்குப் பகிர்ந்தால் கட்டடமும் சேர்த்து ஆளுக்குச் சுமார் 46 சதுர அடி நிலம். ஒரு கட்டிலும், அதைச் சுற்றி நடக்கக் கொஞ்சம் இடமும். ஒரு சின்ன பேரூராட்சி அளவுக்கு ஆள்கள். பேரூராட்சி என்றால் தெரு இருக்கும், டீக்கடை இருக்கும், மரத்தடி இருக்கும். இவ்வளவு நெருக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு வானம் பார்த்த இடம் மிஞ்ச வேண்டுமானால், எந்த விடுதியானாலும் அது பெரும்பாலும் மேலேதான் மிஞ்சும்.

மேலே போகலாமா கூடாதா என்பது பூட்டு வாங்கும்போது முடிவாவதில்லை. அஸ்திவாரத்துக்கு முன்பே முடிவாகிறது. இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875இன் இரண்டாம் பகுதி, ஆள் ஏறிப் புழங்கும் தட்டைக் கூரை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன் சுமை தாங்க வேண்டும் என்கிறது. பராமரிப்புக்கு மட்டும் ஏறுவதென்றால் 0.75 போதும். ஏறத்தாழ 150 கிலோ, 75 கிலோ. தோட்டம் போட்டால் இன்னும் கனம்: அரையடி ஈர மண்ணே சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ வரும். ஆகவே "முதலில் கட்டுவோம், பசுமையைப் பிறகு பார்த்துக்கொள்வோம்" என்றால் பிறகு வருவது ஓரமாக நாலு தொட்டிச் செடிதான். 0.75 என்று ஒருவர் எழுதும்போது, அங்கே குடியிருக்கப்போகிறவர்கள் மேலே வர மாட்டார்கள் என்று எழுதிவிடுகிறார். அவர்கள் இன்னும் ஊரைவிட்டுக் கிளம்பியிருக்கக்கூட மாட்டார்கள்.

பூட்டுக்குச் சொல்லப்படும் நியாயத்தையும் பேச வேண்டும். எனக்குத் தெரிந்த விடுதிக் காப்பாளர் ஒருவர் சொன்னார்: "ஒரு பொண்ணு குதிச்சுட்டா யார் பதில் சொல்றது?" இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. கடன், வீட்டுச் சண்டை, தூக்கம் கெட்ட ஷிப்ட் என்று மனம் உடைந்து நிற்கும் பெண்களோடு நானும் ஒரே அறையில் இருந்திருக்கிறேன். ஆயிரம் பேரின் காற்றாட்ட மாலைகளை ஒரு தட்டிலும் ஓர் உயிரை மறு தட்டிலும் வைத்து எடைபோட எனக்கு மனம் வராது. ஆனால் பாதுகாப்பு இரண்டு வகை. ஒன்று, அவள் மேலே வந்த பிறகும் அவளோடு நிற்பது: உயரமான கம்பித் தடுப்பு, கைப்பிடிச்சுவரிலிருந்து தள்ளிவைத்த செடி வரிசை, விளக்கு, பேச்சுத் துணைக்கு நாலு பேர். இன்னொன்று, அவளை வரவே விடாமல் செய்வது. முதலாவதற்குச் செலவு அதிகம். இரண்டாவதற்கு ஒரு பூட்டு போதும்.

இதில் நான் தடுமாறும் இடமும் உண்டு. மாடி அழகாக அழகாக, வாசல் கதவைச் சாத்துவது சுலபமாகிவிடுமோ? "எல்லாம்தான் உள்ளேயே இருக்கே, வெளிய என்னம்மா வேலை?" ரொக்கையா சகாவத் உசைன் 1905இல் எழுதிய 'சுல்தானாவின் கனவு' கதையிலும் நாடே தோட்டமாக இருக்கிறது, ஆனால் அங்கே பெண்கள் பட்டப்பகலில் தெருவில் நடக்கிறார்கள், ஆண்கள்தான் உள்ளே இருக்கிறார்கள். அவர் தோட்டத்தை மாடியில் வைக்கவில்லை, தெருவில் வைத்தார். பசுமைத் தளம் வேண்டும் என்று கேட்கும்போதே, இது தெருவுக்குப் பதிலாகத் தரப்படும் லஞ்சமாக மாறக்கூடும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. இரண்டும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். இரண்டையும் கேட்டால் பேராசைக்காரி என்கிறார்கள்.

இன்னொன்று, எந்த வரைபடத்திலும் இல்லாதவர்: செடிக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மா. பக்கத்து ஊர்களிலிருந்து காண்டிராக்டில் வருகிறவர். மாடியில் குழாய் வைக்க மறந்த கட்டடம் ஒன்றில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் பக்கெட்டோடு படியேறுவதைப் பார்த்தேன். லிஃப்டில் தண்ணீர் சிந்தினால் திட்டுவார்களாம். அவர் வளர்த்த கொடிப்பந்தலின் நிழலில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்காரலாமா என்று கேட்டேன். "நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்" என்றார். அவர் படிக்கட்டில்தான் சாப்பிட்டார்.

போன மாதம் ஒரு விடுதியின் மாடியை வரைந்தேன். குழாயை முதலில் போட்டேன். யோகா, தோட்டம், தகடு எல்லாம் போக, வடகிழக்கு மூலையில் ஏரிக்காற்று வரும் பக்கமாகப் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடத்தை ஒரு திண்ணையோடு பெயரில்லாமல் விட்டேன். வரைபடம் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது: "இந்த இடம் எதற்கு?" இரண்டு நாள் யோசித்தேன். பிறகு அந்தக் கட்டத்துக்குள் 'துணி காயப்போடும் இடம்' என்று எழுதி அனுப்பினேன். ஒப்புதல் வந்துவிட்டது.